ரொட்டிக்கு மா எங்கிருந்து வருகிறது?



றொசல்லப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் காலை உணவு பெரும்பாலும் ரொட்டிதான். கோதுமை மா, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பூ, தொட்டுக்கொள்ளச் சம்பல். இந்த மாவுக்குரிய கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. ஏறக்குறைய முழுவதும் கப்பலில்தான் வந்து சேர்கிறது.

ஒரு காலத்தில் இந்தியாவும் கப்பலை எதிர்பார்த்தே இருந்தது. 1956இல் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்து கோதுமை பெறத் தொடங்கியது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி தொன் தானியம் இறக்குமதியானது. அரசியலில் மனக்கசப்பு வந்தபோது ஜனாதிபதி ஜோன்சன் கோதுமையைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். பிறர் கையை நம்பி அடுப்பு மூட்டுவது எத்தகையது என்பதை இந்தியா அன்று உணர்ந்தது.

உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனும் வேறு வழி தேடினார்கள். 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் விதைக் கோதுமை வந்தது. நீர், உரம், விவசாயிக்கு உறுதியான விலை ஆகியவை சேர்ந்தன. விளைந்ததை வாங்கிச் சேமிக்க, 1965இல் தஞ்சாவூரில் முதல் அலுவலகத்தைத் திறந்த இந்திய உணவுக் கழகம் இருந்தது. செழிப்பான ஆண்டுகளில் சேமித்துப் பஞ்ச ஆண்டுகளைக் கடத்திய யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குப் புதிதல்லவே! பின்னரும் சில ஆண்டுகளில் இந்தியா கோதுமை வாங்கியதுண்டு. ஆயினும் இன்று அங்கு ஆண்டு விளைச்சல் 10 கோடி தொன்னைத் தாண்டிவிட்டது.

இலங்கையின் கதை வேறு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் மாவுக்குப் பதிலாகத் தானியம் வந்தது. அரைப்பது இங்கே என்றாலும் விளைவது வெளியேதான். நமது மண்ணும் காலநிலையும் கோதுமைக்கு ஏற்றவை அல்ல. ஆகவே இந்தியாவின் வழி நமக்கு அப்படியே பொருந்தாது.

இந்தச் சார்பின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதைக் கவனியுங்கள். 1972இல் சோவியத் ஒன்றியம் பெருமளவு கோதுமை வாங்கியதும் உலக விலை ஏறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இங்கே பங்கீடு குறைக்கப்பட்டபோது, நெல்வயல் உள்ள கிராமத்தவர் ஓரளவு சமாளித்தனர். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கோ பயிரிட நிலம் இல்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 2022இல் உக்ரேன் போரும் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோதும், மா விலையால் முதலில் வாடியது முந்திய ஆண்டுதான் 1,000 ரூபா நாட்சம்பளம் கிடைத்த அதே தொழிலாளர் வீடுகள்தாம்.

ஆகவே கோதுமையை இங்கு விளைவிக்க முடியுமா என்று கேட்பதில் பயனில்லை. லயத்துக் குடும்பத்துக்குக் கிழங்கும் கீரையும் போட ஒரு துண்டு நிலம் உண்டா? அரிசி வாங்கக் கட்டுபடியாகும் கூலி உண்டா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். கப்பல் வருவது தாமதமானாலும் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடம் போகாதிருக்க இவ்விரண்டும் வேண்டும். உங்கள் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இவற்றையே முதலில் கேளுங்கள்.