ரிச்சர்ட் பேர்ன்ஸ் ரலி: கஷ்டம் என்பது குறையா?

இருபது வருசப் பழைய கேம் ஒன்றைப் பற்றி எழுதப்போறேன் என்றதும் கூட்டாளிமார் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

2004இல் இரண்டு ரலி கேம்கள் வந்தன. கோட்மாஸ்டர்ஸின் 'கொலின் மெக்ரே ரலி 2005'ஐ யாரும் பத்து நிமிசத்தில் பழகி ஓடலாம். வார்தொக் நிறுவனம் செய்த 'ரிச்சர்ட் பேர்ன்ஸ் ரலி'யில் முதல் வளைவிலேயே மரத்தில் போய் அடிப்பீர்கள். நான் அடித்தேன். அடுத்த நாளும் அடித்தேன்.

அன்றைய விமர்சகர்கள் பலர் இதன் உண்மைத்தன்மையைப் புகழ்ந்துவிட்டு, 'ஆனால் சரியான கஷ்டம்' என்று குறையும் சொன்னார்கள். இந்த 'ஆனால்'தான் எனக்கு விளங்கவில்லை. கஷ்டத்தை யாரும் மேலால் கொண்டுவந்து ஒட்டவில்லை. பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னுக்கு வரும், பின்பக்கம் லேசாகிச் சறுக்கும். அந்தச் சறுக்கலை வைத்துத்தான் காரைத் திருப்ப வேண்டும். எங்கட வயல் பக்கம் கிறவல் றோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடியவனுக்கு இது தெரியும். வளைவுக்குள் வந்த பிறகு பிரேக்கை அமத்தினால் கதை முடிந்தது. உண்மையைப் புகழ்ந்துவிட்டு அதன் விலையைக் குறையாகச் சொல்வது என்ன நியாயம்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கீபோர்ட்டில் இதை ஓடுவது கொடுமை. ஸ்டியரிங் செட் வாங்குகிற காசுக்கு எங்கட வீட்டில் வேறு வேலை இருக்கிறது. ஆனாலும் புதிய ரலி கேம்கள் திறக்கவே மறுக்கிற என் பழைய கொம்பியூட்டரில் இது ஓடுகிறது. செய்த நிறுவனம் இல்லாமல் போய்விட்டது. ரசிகர்கள்தான் புதுப் பாதைகளும் கார்களும் செய்து, இலவசமாகக் கொடுத்து, இணையத்தில் போட்டியும் நடத்தி இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். வந்த கிழமையிலேயே எழுதி முடிக்கும் விமர்சனத்தில் இதெல்லாம் எப்படி அகப்படும்?

பெயருக்குரியவரையும் சொல்ல வேண்டும். 2001இல் உலக ரலிச் சம்பியனான முதல் இங்கிலாந்துக்காரர் பேர்ன்ஸ். 2003 நவம்பரில் வேல்ஸ் போட்டிக்குப் போகும் வழியில் மயங்கினார்; மூளையில் கட்டி. கேம் வெளிவந்தபோது அவர் நோயாளி. 2005 நவம்பர் 25ஆம் திகதி, பட்டம் வென்று சரியாக நான்கு வருசத்தில், மௌத்தானார். அவருடைய இணை ஓட்டுநர் ரொபர்ட் ரீடின் குரல்தான் கேமில் வழி சொல்கிறது. இது தெரிந்த பிறகு அந்தக் குரலை வெறுமனே கேட்க முடியவில்லை.

பின்லாந்துப் பாதை ஒன்றை மரத்தில் அடிக்காமல் முடிக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. நேரம் படுமோசம். அன்றிரவு சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.