சிப்பாய்க் கடிதங்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். பாலம் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை சிதைந்து போனது. அதைப் பற்றிய தாள்கள் போகவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக், கொழும்பு, சென்னை என்று பல ஊர்க் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

400 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் துணி வாங்கி ஏற்றுமதி செய்த கம்பெனியின் கணக்குவழக்கு இன்றும் கிடைக்கிறது. ஆனால் இதே கரைக்குத் தெற்கே, இலங்கை உள்நாட்டுப் போரில் நின்ற நம் சிப்பாய்கள் 1980-களின் இறுதியில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டிகளிலும் பரண்களிலும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவது அரசின் கடமை. அதற்கான காலமும் குறைந்துகொண்டே வருகிறது.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. அக்டோபர் 10-ஆம் தேதி விடுதலைப் புலிகளுடன் சண்டை மூண்டது. கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று தீவை விட்டுக் கிளம்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள்.

ராணுவத் தபாலின் முகவரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: படை எண், பதவி, பெயர், யூனிட், கடைசியில் ‘56 ஏ.பி.ஓ.’ ஊர்ப் பெயர் இருக்காது. எழுதுபவர் வவுனியாவில் இருக்கிறாரா, திருகோணமலையில் இருக்கிறாரா என்பது வீட்டுக்குத் தெரியாது. ரேடியோவில் யாழ்ப்பாணம் என்ற பெயர் காதில் விழுந்தால் வயிற்றைக் கலக்கும். அடுத்த கடிதம் வந்தால்தான் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் போயிருந்தது. ரோந்து போகும் தெருவில், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு தாய் பிள்ளையை அடக்குவது மற்ற மாநிலத்துச் சிப்பாய்க்கு வெறும் சத்தம். தமிழ்ச் சிப்பாய்க்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். அப்படிப்பட்டவர் தன் அம்மாவுக்கு அன்று இரவு என்ன எழுதியிருப்பார்? போரை நடத்திய ஜெனரல்கள் தெபிந்தர் சிங், ஹர்கிரத் சிங் இருவரும் புத்தகம் எழுதினார்கள்; கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித்தும் எழுதினார். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் மேலிருந்து பார்த்தவை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை ராணுவம் ஒரு விதமாகவும், உயிர் தப்பியவர்கள் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். சாதாரணச் சிப்பாய் அந்த மாதங்களை எப்படிப் பார்த்தார் என்பதற்குக் கடிதங்களை விட்டால் வேறு சாட்சி குறைவு.

‘இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று எழுதியதில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று சிலர் கேட்கலாம். தணிக்கைக்கு அஞ்சியும், வீட்டார் பயப்படக் கூடாது என்றும் சிப்பாய்கள் பலதையும் மறைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் மணியார்டர் வந்ததா, தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா, கடனில் எவ்வளவு பாக்கி என்ற வரிகள்தான் அந்த இளைஞர்கள் ஏன் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லும். மறைத்தது என்ன என்பதும் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் புரியும்.

முதல் உலகப்போரில் பிரான்சில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை வெள்ளைக்காரத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர்கள் அவற்றை வைத்து எழுதுகிறார்கள். வீடு வந்து சேர்ந்த மூலக் கடிதங்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. வேவு பார்த்தவன் காட்டிய அக்கறையைக்கூட நாம் காட்டவில்லை என்பது வேதனை. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் சிப்பாய்க் கடிதங்களைப் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் இன்றும் கேட்டு வாங்கிச் சேர்க்கின்றன. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்காகக் கவிஞர் வால்ட் விட்மன் வாஷிங்டன் மருத்துவமனைகளில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த கடிதங்களில் சிலவும் அங்கே கிடைக்கின்றன.

இலங்கைப் போரின் கடிதங்கள் சிப்பாய் வீடுகளில் மட்டும் இல்லை. லைட்ஹவுஸ் குப்பம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமும் இருக்கிறது. உயிர் பிழைத்துத் தமிழகம் வந்த ஈழத்தமிழர் குடும்பங்கள் அங்கே ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்கின்றன. போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோய்க் கொடுத்த செய்திப் படிவம் உறையில்லாத ஒற்றைத் தாள். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். இடையில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிடிபட்டுச் சிறையில் இருந்தவர்களும் அப்படித்தான் வீட்டோடு பேசினார்கள். சோதனைச்சாவடிக்குப் பயந்து கடிதங்களை எரித்தவர்களும் உண்டு. மிஞ்சியவை அரிதானவை.

முகாம்கள் இன்னும் கியூ பிரிவு போலீசாரின் கண்காணிப்பில் இருப்பதால், கடிதத்தைக் கொடுத்தால் வம்பு வருமோ என்ற அச்சம் அந்த மக்களுக்கு இருக்கும், அது நியாயமானது. எனவே விதிகள் தெளிவாக இருக்க வேண்டும். மூலக் கடிதம் வீட்டிலேயே இருக்கட்டும், படம் மட்டும் எடுக்கப்படட்டும். பெயரை மறைக்கவும், பிற்காலத்தில் விலகிக்கொள்ளவும் குடும்பத்துக்கு உரிமை வேண்டும். எந்த விசாரணைக்கும் இவற்றைப் பயன்படுத்த முடியாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும்.

இதற்குப் புதிய துறை தேவையில்லை. மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முகாம்களுக்கு மறுவாழ்வுத் துறை இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்துவதில் 2005 முதல் அனுபவம் பெற்ற நூலகம் நிறுவனத்தையும் துணைக்கு அழைக்கலாம். அமைதிப்படைக்குப் போனபோது 20 வயதில் இருந்தவருக்கு இப்போது 60 நெருங்கிவிட்டது. அவருக்குக் கடிதம் எழுதிய பெற்றோரில் பலர் இப்போது இல்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒரு சிறு தொகை ஒதுக்கி, சிப்பாய் வீடுகளும் முகாமும் சேர்ந்திருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இந்தப் பணியைத் தொடங்க வேண்டும்.