சொல்லும் பொருளும்: ‘நைஸ்’



ஆண்டு ஏழில் கற்கும் என் மகள் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போய்வந்து, ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். பூங்கா நைஸ். பூக்கள் நைஸ். பகலுணவு நைஸ். பஸ்ஸில் பாடிய பாட்டும் நைஸ்! பத்து வரிகளில் ஏழு முறை வந்த அச்சொல்லை ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

“நைஸ் என்றால் நல்லதுதானே உம்மா, அதில் என்ன பிழை?” என்று கேட்டாள்.

பிழை இல்லை. ஆனால் அச்சொல் கடந்துவந்த பாதை விசித்திரமானது. இலத்தீன் மொழியில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அறிதல் எனப் பொருள்படும் ‘ஸ்கீரே’ என்ற வினையுடன் ‘இல்லை’ என்பது சேர்ந்து உருவானது அது. ‘சயன்ஸ்’ என்ற சொல்லுக்கும் அதே வினைதான் வேர். பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது ‘நைஸ்’ என்பதன் பொருள் மடமை! பின்னர் அது எளிதில் திருப்திப்படாதவரைக் குறித்தது. அடுத்து நுட்பம், துல்லியம் என்ற பொருள்களும் சேர்ந்தன. நுண்ணிய வேறுபாட்டை இன்றும் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பர். இனிமையானது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

பரவியதும் எல்லாவற்றுக்கும் அதுவே வழங்கலாயிற்று. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்டினின் ‘நொர்தாங்கர் அபே’ நாவலில், ஒரு நூலை நைஸ் என்று புகழும் பெண்ணை ஹென்றி டில்னி என்ற பாத்திரம் இதற்காகவே கேலி செய்கிறது.

நம் வீட்டுப் பேச்சிலும் அச்சொல் உண்டு. மாவை ‘நைஸாக’ அரைக்கிறோம். வேலை சொன்னால் பிள்ளை ‘நைஸாக’ நழுவிவிடுகிறது!

ஆங்கிலம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வழி: நைஸ் என்று எழுதியதும், “எப்படி நைஸ்?” என்று கேளுங்கள். உணவென்றால் டேஸ்டி, மனிதரென்றால் கைன்ட், காட்சியென்றால் பியூட்டிஃபுல் என்று பொருத்தமான சொல் தானாக வரும்.

என் மகளிடமும் அப்படியே கேட்டேன். யோசித்து, திருத்தி எழுதினாள். இரவு அதைக் கொண்டுவந்து நீட்டியபோது நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, “நைஸ் மகள்” என்றேன்.

“நீங்க வாசிக்கவே இல்லையே உம்மா!”

வெட்கமாகப் போயிற்று. அறியாதவர் என்ற பழைய பொருள் அந்த நேரத்தில் எனக்குத்தான் பொருந்தியது. கையைத் துடைத்துக்கொண்டு கொப்பியை வாங்கினேன். மரத்தில் வௌவால்கள் மடித்த கறுப்புக் குடைகளைப் போலத் தலைகீழாகத் தொங்கின என்று எழுதியிருந்தாள்.

பிள்ளைகள் எதையாவது கொண்டுவந்து காட்டினால், சகோதரிகளே, முதலில் பார்ப்போம். பாராட்டுச் சொல் பிறகு வரட்டும்.