தெற்குத்திட்டையையும் படமாக்குங்கள்



எளிய பின்னணியிலிருந்து தேர்தலில் நின்ற நான்கு அமெரிக்கப் பெண்களைப் பற்றிய 'நாக் டவுன் தி ஹவுஸ்' (2019) ஆவணப்படம் பார்த்தேன். அந்தத் தேர்தலில் வென்றவர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் ஒருவரே. என் மனத்தில் நின்றவரோ தோற்றுப்போன பாலா ஜீன் ஸ்வெரெஞ்சின். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அருகில் வாழும் எங்களுக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை.

நம் கடலூர் மாவட்டத்திலும் இப்படியொரு கதை உண்டு. தெற்குத்திட்டை ஊராட்சியில் வென்று தலைவரான தலித் பெண்ணை, 2020இல் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். புகைப்படம் வெளியான பிறகுதான் நடவடிக்கை வந்தது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என 2016இல் சட்டம் செய்த மாநிலம் இது! இப்படி உள்ளாட்சியில் வென்ற பெண்கள் வீடு வீடாக வாக்குக் கேட்டதையும், வென்றபின் நாற்காலிக்கே போராடியதையும் நம் இயக்குநர்கள் படமாக்க வேண்டும். ஆசிரியரே, அந்தப் பெண்களின் பேட்டிகளைத் தாங்களும் தொடராக வெளியிடுங்கள்.

- வாசகி, மேல்பட்டாம்பாக்கம்