வாத்து வாங்கும் முன் நிலத்தை அளப்போம்

வெல்லாவெளிப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடமிருந்தும், மலையில் லயத்தை விட்டுப் புதிய வீடுகளுக்குப் போயிருக்கும் அங்கத்தவர்களிடமிருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முற்றத்தில் நாலைந்து வாத்து வளர்க்கலாமா? எந்த இனம் வாங்கலாம்? சம்பளம், சேமலாப நிதி, அரைப்பேர் என்று எழுதும் பத்திரிகையில் வாத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். வாத்து வாங்குவதற்காகக் கிழமைக் கடன் எடுத்த தாய்மாரின் தவணைப் புத்தகங்களைப் பார்த்தபின் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் இங்கே வாத்து என்று எழுதுவது தாராவை அல்ல. கழுத்து நீண்டு, ஆள் கண்டால் தலையை நிலத்தோடு தாழ்த்திச் சீறிக்கொண்டு வரும் பெரிய பறவையை. தாரா நத்தை, புழு, தவிடு என்று எதையும் தின்னும். வாத்து மாட்டைப்போலப் புல் மேயும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் தானே விளங்கும்.

உலகத்தில் வளர்ப்பு வாத்துகள் இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. ஐரோப்பியச் சாம்பல் வாத்திலிருந்து வந்தவை எம்டன், துலூஸ் போன்ற கனத்த இனங்கள். கிழக்காசியாவின் காட்டு வாத்திலிருந்து வந்தவை சீன வாத்தும் ஆபிரிக்க வாத்தும். ஆபிரிக்க வாத்து என்று பெயர் இருந்தாலும் அதன் பூர்வீகமும் ஆசியாதான். அலகு தலையோடு சேரும் இடத்தில் உருண்டையான புடைப்பு இருந்தால் அது இந்தக் கிழக்குப் பக்கத்துச் சொந்தம். நம் ஊர் முற்றங்களில் நாம் காணும் வாத்துகளில் பலவற்றுக்கு அந்தப் புடைப்பு உண்டு.

எம்டன் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. "அவன் பெரிய எம்டன்" என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜேர்மன் கப்பலின் பெயர் அது. கப்பலுக்கும் வாத்துக்கும் ஒரே ஜேர்மன் ஊரின் பெயர்தான். விலை சொல்லும்போது வியாபாரிகளும் கிட்டத்தட்டக் குண்டுதான் போடுகிறார்கள்.

எம்டன் ஆண் ஒன்பது, பத்துக் கிலோவுக்கு வளரும். வெள்ளை வெளேரென்று பார்க்க அழகு. படத்தைக் காட்டி விற்பதற்கு அதைவிட நல்ல பறவை கிடையாது. ஆனால் ஆண்டுக்கு முப்பது முட்டைக்கு மேல் எதிர்பார்ப்பது கஷ்டம். உடல் கனம் என்பதால் இணைசேர ஓரளவு ஆழமான தண்ணீர் இருந்தால்தான் நல்லது. வெறுந்தரையில் ஆணின் பாரம் பெட்டையைக் காயப்படுத்தும், முட்டையிலும் கரு குறையும். படுவான்கரையின் சித்திரை வெயிலில் பத்துக் கிலோப் பறவைக்கு நிழலும் தண்ணீரும் நாள் முழுக்க வேண்டும். குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும் வீட்டுக்கு இது சரிவருமா?

சீன வாத்து அதில் பாதிதான். ஆண் ஐந்து கிலோ, பெட்டை நாலு கிலோ. ஆண்டுக்கு நாற்பது முதல் அறுபது முட்டை இடும், நல்ல தீனி கிடைத்தால் அதற்கு மேலும் இடும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் இணைசேரும். ஒரு சேவலுக்கு நாலு பெட்டை விடலாம். குறை என்னவென்றால் சத்தம். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னமே லயம் முழுவதையும் எழுப்பிவிடும். எல்லாப் பெட்டையும் அடைகாக்கப் பொறுமையாக உட்காராது. அதற்கு ஊர்க்கோழியைப் பயன்படுத்தலாம். ஒரு கோழியின் கீழ் மூன்று, நாலு முட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. கோழியால் அந்தப் பெரிய முட்டையைப் புரட்ட முடியாது என்பதால் தினமும் நாமே கையால் திருப்பிவிட வேண்டும். முப்பது நாள் அளவில் குஞ்சு வரும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: இனம் பார்ப்பதானால் புடைப்புள்ள சின்ன வாத்து. அதுவும் பக்கத்து ஊரில் பிறந்து அந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகியதாக இருக்கட்டும். பெயரும் படமும் காட்டித் தூரத்திலிருந்து வரும் வெள்ளை வாத்து நமக்கு வேண்டாம்.

வெல்லாவெளியில் இது சரிவருவதற்கு நிலம்தான் காரணம். 1958, 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் ஓடிய நம் குடும்பங்களில் பலர் வெறுங்கையோடு காடு வெட்டிக் குடியிருந்தார்கள். பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. என்றாலும் வாத்து நடந்து மேய அங்கே ஒரு வளவு இருக்கிறது. பெரும்போகம் அறுத்த பிறகு வட்டையில் சிந்திய நெல் கிடக்கிறது, வாய்க்கால் ஓரம் புல் இருக்கிறது. ஆனால் நெல்லும் ஒரு புல்தான் என்பதை வாத்து நம்மைவிட நன்றாக அறியும். தாராவை வளர்ந்த பயிருக்குள் விட்டால் பூச்சியைப் பொறுக்கும். வாத்தை விட்டால் பயிரையே மேய்ந்துவிடும். விதைப்பு முதல் அறுவடை வரை வாத்து வேலிக்குள்தான் நிற்க வேண்டும். பக்கத்து வயற்காரனோடு சண்டைபோட்டு இணக்க சபைக்குப் போவதைவிட நாலு கட்டு புல் அறுத்துப் போடுவது சுலபம். வயலுக்கு மருந்தடித்திருந்தால் அந்த வரம்புப் புல்லையும் தொடக் கூடாது. வாவிக் கரையோரம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வாவித் தண்ணீர் உப்புக் கலந்தது. வளர்ந்த வாத்து அதில் நீந்தட்டும், குஞ்சுக்குக் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான்.

யானைக்குக் காவல் என்று சொல்லியும் வாத்து விற்கிறார்களாம். போரதீவுப்பற்றில் யானைத் தொல்லை எப்படிப்பட்டது என்று அங்கிருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாத்து நல்ல காவல்தான். ஸ்கொட்லாந்தில் பாலன்டைன் விஸ்கிக் கம்பனி 1959 முதல் பல பத்தாண்டுகளாகத் தன் களஞ்சியங்களுக்குச் சீன வாத்துகளையே காவலுக்கு வைத்திருந்தது. அங்கே வந்தது கள்ளன், வாத்து கத்தினால் ஓடிவிடுவான். வீட்டுக்குள் இருக்கும் நெல் மூட்டையின் மணத்துக்கு வருகிற யானை வாத்துக்குப் பயந்து திரும்பாது. வாத்து கத்துகிறதே என்று டோர்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்குவதுதான் ஆபத்து. யானை வரும் ஊரில் இரவில் வாத்து கத்தினால் கதவைத் திறக்காதீர்கள், அயலாருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். யானை வேலி போட்டுப் பராமரிப்பது அரசாங்கத்தின் வேலை. அதை ஐந்து கிலோப் பறவையின் தலையில் கட்ட நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இனி மலைக்கு வருவோம். புதிய வீட்டுத் திட்டத்தில் நமக்குக் கிடைத்தது ஏழு பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி என்றால் ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு 550 சதுர அடி. மிச்சம் 1,350. அதற்குள் கழிவறைக் குழி, படிக்கட்டு, துணி காயப்போடும் இடம், சாமி மாடம், நாலு கறிவேப்பிலை. நல்ல புல்தரையில் ஓர் ஏக்கருக்கு இருபது முதல் நாற்பது வாத்து வரை மேய்க்கலாம் என்பது பொதுவான கணக்கு. நாற்பது என்று தாராளமாக வைத்தாலும் ஒரு வாத்துக்கு நாலு பேர்ச் புல் வேண்டும். படிக்கட்டும் குழியும் இல்லாமல் மிச்ச நிலம் முழுக்கப் புல்லாகவே இருந்தாலும் ஏழு பேர்ச் வீட்டில் ஒரு வாத்துக்கு மேல் மேயாது. தனி வாத்து நிம்மதியாக இருக்கவும் இருக்காது, கூட்டமாக வாழும் பறவை அது.

மலையில் புல்லுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். தேயிலை மலையில் புல் இருக்கிறது, ஆனால் அதற்குக் களைகொல்லி அடிக்கிறார்கள். 2015இல் தடைசெய்த கிளைபோசேட்டைத் தேயிலைக்கும் றப்பருக்கும் 2018இல் திரும்பவும் அனுமதித்ததை நாம் மறக்கவில்லை. எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்று தெரியாமல் அறுத்து வந்து போடும் புல் வாத்துக்கு ஆகாது. அந்த முட்டையைத் தின்னும் பிள்ளைக்கும் ஆகாது. லயத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்கு இடப் பிரச்சினை இன்னும் மோசம். வாத்தின் எச்சம் கோழியினதைப்போலக் காய்ந்து உதிராது. ஒரே வாசலைப் பத்துக் குடும்பம் பாவிக்கும் இடத்தில் அது தினம் ஒரு சண்டையைக் கொண்டுவரும். ஆகவே மலையில் உள்ளவர்களுக்கு நாங்கள் வெளிப்படையாகவே சொல்கிறோம்: இப்போதைக்கு வாத்து வேண்டாம். இரண்டு ஊர்க்கோழியோ, கூட்டில் அடைத்து வளர்க்கக்கூடிய தாராவோ போதும்.

"சுயதொழில் செய்து முன்னேறுங்கள்" என்று மேடையில் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுவோம். தோட்டத்தில் தரிசாகக் கிடக்கும் காணியிலிருந்து குடும்பத்துக்கு இருபது பேர்ச்சாவது பிரித்து, உறுதியோடு தரட்டும். அதன்பின் வாத்தும் வளர்ப்போம், மாடும் வளர்ப்போம், யாரும் வந்து வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

கடன் விசயம் மலைக்கும் வெல்லாவெளிக்கும் பொது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021 மார்ச் வரை, 1,350 ஆவதற்கு 2024 செப்டெம்பர் வரை நாம் காத்திருந்தோம். அந்தச் சம்பளத்தில் கையில் மீதியில்லை என்பதால்தான் குழுக்கடன்காரர் வாசலுக்கு வருகிறார். அவர் தவணை கேட்பது ஒவ்வொரு கிழமையும். வாத்து முட்டை இடுவது ஆண்டில் சில மாதம் மட்டும். குஞ்சாக வாங்கினால் முதல் முட்டைக்கே ஓராண்டு அளவில் ஆகும், நல்ல கரு முட்டை இரண்டாம் ஆண்டில்தான். அதுவரை ஐம்பது கிழமைத் தவணையை எதைக் கொண்டு கட்டுவது? நாயோ கீரியோ ஒரு இரவில் நாலையும் முடித்துவிட்டால் கூடக் கையெழுத்துப் போட்ட அடுத்த வீட்டு அக்காவும் சேர்ந்தல்லவா கட்ட வேண்டும்? 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தது இப்படிச் சேர்ந்த சுமைகளால்தான். மாடு என்றாலும் தினம் பால் தரும். கிழமைக் கடனில் வாங்க வாத்தைப்போல் பொருந்தாத பிராணி வேறில்லை.

வெல்லாவெளியில் வளர்க்க விரும்பும் தாய்மாருக்கு எங்கள் யோசனை, கடன் இல்லாமல் மாதர் சங்கமாகச் சேர்ந்து தொடங்குங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு சேவல் போதும். முட்டையை முதல் ஆண்டு விற்காமல் அடைவைத்து, குஞ்சை வீட்டுக்கு வீடு பகிருங்கள். தாய் வாத்தில்லாமல் பொரித்த குஞ்சுக்கு உடம்பில் எண்ணெய்ப் பசை இருக்காது, மழையில் நனைந்தால் விறைத்துச் செத்துவிடும். இறகு முளைக்கும்வரை ஐந்து, ஆறு கிழமை மழைக்கு விடாதீர்கள். கோழித் தீனியை மட்டும் கொடுத்தால் சில குஞ்சுகளுக்குக் கால் வளையும். வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நயாசின் சத்து அதிகம் வேண்டும். பச்சைப் புல்லை நறுக்கிச் சேர்த்துக் கொடுங்கள், கால் தள்ளாடினால் உடனே அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். குடிக்கும் பாத்திரம் மூக்கு நனையும் ஆழம் இருந்தால் போதும், குஞ்சு விழுந்து மூழ்கும் அளவு வேண்டாம்.

ஏற்கெனவே வாத்துக்கென்று கடன் எடுத்துத் தவணை கட்ட முடியாமல் இருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துப் புழுங்க வேண்டாம். தவணைப் புத்தகத்தையும், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடமோ கிளைக் காரியாலயத்திடமோ வாருங்கள். பிரதி தரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.