நலம் கேளுங்கள்: ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

கேள்வி: ‘‘ஏற்காடு மலையில் இரண்டு ஏக்கரில் காபியும், அதற்குள்ளே சவுக்கு மரங்களில் மிளகும் வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. போன மழையில் மிளகுக்கொடி பாதிக்கு மேல் வாடிப்போனது. அதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல், கழுத்துவலி, நெஞ்சில் கனம். ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சேலத்துக்கு இரண்டு தடவை கூட்டிப்போய் இ.சி.ஜி., ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல் என்கிறார்கள். ‘ஒன்றுமில்லாததுக்கு இவ்வளவு செலவா?’ என்று மாமியார் திட்டுகிறார். அவருக்கு நோய் இருக்கிறதா, இல்லையா?’’
- வாசகி, ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பதில்: சகோதரி, ரிப்போர்ட்டும் பொய்யில்லை, உங்கள் வீட்டுக்காரரின் வலியும் பொய்யில்லை. ஸ்கேனில் தெரிவது உறுப்பில் இருக்கும் புண், கட்டி, அடைப்பு போன்றவைதான். கவலை ஸ்கேனில் தெரியாது. ஆனால், அது உடம்பில் செய்யும் வேலை நிஜமானது.

கடன், நஷ்டம் என்று மனம் பயந்துகொண்டே இருந்தால், காட்டுப்பன்றி எதிரில் வந்து நின்றால் உடம்பு எப்படித் தயாராகுமோ, அப்படியே எந்நேரமும் தயாராக நிற்கும். அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் கூடும். கழுத்து, தோள் தசைகள் இறுகும். செரிமானம் கெடும். தூக்கம் பாதியில் கலையும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி அதிகமாகத் தெரியும். வலி கூடினால் கவலையும் கூடும். ‘மனக்கவலை பலக்குறைவு’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். நம் ஊர்களில் ‘மனசு சரியில்லை’ என்று ஆண்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. அதனால் அது வயிற்றுவலியாகவும் அசதியாகவும் வெளியே வருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய் ஆகியவற்றிலும் அசதியும் சோர்வும் வரும். இந்த மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ செய்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்காதீர்கள்: நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கினால் பழைய இ.சி.ஜி. நார்மல் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்து, அவரைக் கவனியுங்கள். எதிலும் ஆர்வமில்லாமை, பசி குறைவு, விடியும் முன்பே விழிப்பு, எரிச்சல், ‘என்னால்தான் எல்லாம் போச்சு’ என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய் அது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நான்கு நாளில் குணம் தெரியவில்லை என்றோ, குணமாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

* பிற்பகலுக்குப் பிறகு காபி, கடுங்காப்பி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

* ‘தூக்கம் வரட்டும்’ என்று குடிக்கும் சாராயம் முதலில் தூங்க வைக்கும், நடுராத்திரியில் எழுப்பிவிடும். சோர்வையும் கூட்டும்.

* எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழட்டும். பனி விலகியதும் வெயிலில் அரைமணி நேரம் பேசிக்கொண்டே நடந்து வாருங்கள். தோட்ட வேலை உடம்புக்கு உழைப்புதான். ஆனால், வாடிய கொடியைப் பார்த்துக்கொண்டே செய்யும் வேலையில் மனதுக்கு ஓய்வு கிடைக்காது.

* படுக்கும் முன் பத்து நிமிடம், மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடட்டும். படபடப்பு தணியும்.

இன்னொன்றையும் தயங்காமல் செய்யுங்கள். ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பாரத்தை இறக்கிவைக்க ஒரு வழி கிடைக்கும். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை ‘ஸ்நேகா’ அமைப்பின் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலை குறைந்ததை 2013-ல் வெளியான ஆய்வில் பதிவு செய்தார்கள். அந்த எண்ணம் வேகமாக வந்து தணியக்கூடியது. அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும்.

அவர் ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மலையிலிருந்து உடனே இறங்க முடியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவச சேவை இது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

கடைசியாக, கவலையின் காரணத்தையும் கவனிக்க வேண்டும். காய்ந்த கொடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் எடுத்துக்கொண்டு, ஏற்காட்டில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு பேருமாகப் போய் வாருங்கள். வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்காமல் வடிப்பது, மழைக்கு முன் போர்டோ கலவை கொடுப்பது, செத்த கொடிகளை அகற்றுவது என்று அங்கே வழி சொல்வார்கள். மிச்சமிருக்கும் கொடிகளைக் காப்பாற்ற ஒரு வழி தெரிந்தாலே அவருக்கு ஒருநாள் கூடுதலாகத் தூக்கம் வரும். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.