கர்ப்பிணியின் இருமல்

கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், அது காசநோயா இல்லையா என்று சோதித்துப் பார்த்தே தீரவேண்டும். தோட்டத்துத் தாய்மார்களுக்கும், அவர்கள் பெயரைச் செக்ரோலில் எழுதும் கிராணிமார்களுக்கும் நாம் இன்று சொல்ல விரும்புவது இதுவே.

காசநோய் எவரையும் மெலிய வைக்கும். ஆனால் கர்ப்பிணிக்கு மாதத்துக்கு மாதம் எடை ஏற வேண்டிய காலம் அது. நோய் ஒரு பக்கம் உடம்பை உருக்க, வளரும் பிள்ளை மறுபக்கம் எடையைக் கூட்ட, மெலிவு வெளியே தெரியாமல் போய்விடுகிறது. களைப்பையும், பசியின்மையையும், மூச்சு வாங்குவதையும் "பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான்" என்று வீட்டார் ஒதுக்கி விடுகிறார்கள். நிற்காத இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் துணி நனைய வேர்வை, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி - இவற்றில் ஒன்று இருந்தாலும் கர்ப்பத்தின் மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாகாது. வீட்டில் முன்பே இந்நோய் கண்டவர் இருந்தால் இன்னும் விழிப்பு வேண்டும்.

சோதனையைப் பற்றி வீண் அச்சம் பலரிடம் உண்டு. முதற்சோதனை சளிச் சோதனை; அதனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு கெடுதியும் இல்லை. நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த காலைச் சளியாக இருக்கவேண்டும். வெறும் எச்சிலால் பயனில்லை. பூதக்கண்ணாடிக்குத் தென்படாத கிருமியையும் காட்டும் மரபணுச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்டது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அது கிருமியையும், முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே வேண்டும் என்றால் மறுக்க வேண்டாம். கர்ப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். நெஞ்சு எக்ஸ்ரேயால் கருவைச் சேரும் கதிர் மிக மிகச் சொற்பம்.

நோய் இருப்பதாகத் தெரிந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. மருந்து கர்ப்ப காலத்திலேயே தரப்படுகிறது. சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம். பிள்ளையின் செவியைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினை டாக்டர்கள் தவிர்ப்பார்கள். மருந்து உண்ணத் தொடங்கிய தாய் டாக்டர் சொற்படி பாலும் கொடுக்கலாம். கண்டுபிடிக்காமல் விட்டால்தான் ஆபத்து: தாய் உயிருக்குப் போராடுவாள்; பிள்ளை குறைமாதத்தில், குறை எடையில் பிறக்கக்கூடும்; பிறந்த பின் தாயின் மூச்சுக் காற்றாலேயே நோய் தொற்றக்கூடும்.

இத்தனையும் தெரிந்தும் நம் பெண்கள் ஏன் போவதில்லை? கிளினிக் திறக்கும் வேளையில் அவள் மரத்தடியில் நிற்கிறாள். பாலெடுத்து நிறுவை முடித்துத் திரும்பும்போது பாதிப் பகல் போய்விடுகிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சே என்ற கவலை ஒரு பக்கம். "சீக்காளி வீடு" என்று அயலார் ஒதுக்குவார்களே என்ற பயம் ஒரு பக்கம். தட்டாலும் குவளையாலும் இந்நோய் பரவுவதில்லை. இருமும் காற்றால்தான் பரவுகிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் அதுவும் பெரிதும் அடங்கும். ஒதுக்கி வைக்கும் பேச்சு நோயை மறைக்கவே தூண்டும்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், டாக்டர் சான்று தந்த நோய் விடுப்புக்குச் சம்பளம் தரச் சொல்கிறது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தம், சட்டம் குறிப்பிடும் சில காரணங்களுக்கன்றிக் கர்ப்பிணித் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மிரட்டுவோர் இருந்தால், தொழிற்சங்கத்திடம் வந்து சொல்லுங்கள்.

ஆனால் சோதனைக்குப் போய்வரும் அந்த ஒரு நாளின் கூலிதான் ஏழைத் தாயைத் தடுக்கிறது. அதை நிர்வாகங்கள் தரவேண்டுமென்று கேட்கிறோம். அது தர்மமன்று, தோட்டத்தின் மற்றப் பேரையும் காக்கும் செலவு. கிராணித் தோழர்களே, அன்று அவள் பெயருக்கு நேரே வெறும் "வரவில்லை" என்று போட்டு ஏட்டை மூடிவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கணவன்மார்களே, அவளைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள். தாய்மார்களே, அடுத்த முறை பிள்ளைப் பரிசோதனைக்குப் போகும்போது, யாரும் கேட்காவிட்டாலும், "எனக்கு இருமல் இருக்கிறது" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.